ஓய்வுநாளுக்கு முன் அனுப்பிய வரி

சனிக்கிழமை இரவு. பஸ்கா பண்டிகைக்கு இன்னும் எட்டு நாள்.

சில தானியங்களை விலக்கும் பஸ்கா வாரத்தில் இட்லி சாப்பிடலாமா என்று எங்கள் யூதர் வாட்ஸ்அப் குழுவில் நேற்று சண்டை. என் அம்மா கொச்சிக்காரி, எங்களுக்கு அரிசி உண்டு. சென்னை சாமுவேல் அண்ணன் வீட்டு வழக்கத்தில் அந்த வாரம் அரிசி கூடாது. "இட்லி துன்னுட்டு பஸ்கா கொண்டாடுறோம்னு சொல்லாதீங்க" என்று எழுதினார்.

கருத்தோடு மோதலாம், ஆளைத் தொடக் கூடாது. குழுவுக்கு அந்த விதியை எழுதியவளே நான்தான். "இப்படிப் பேசித்தான் பஸ்காவுக்குக் கூட உங்க புள்ளைங்க வூட்டுப் பக்கம் வர்றதில்ல" என்று பதில் அனுப்பினேன். பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடுமே என்று உடனே போனை அணைத்து விளக்கேற்றினேன். அது முடியும்வரை போனைத் தொட முடியாது. இன்று பகல் முழுக்க ஏரிக்கரையில் நடந்தேன். மனசு ஆறவில்லை.

நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் முடிந்ததும் போனைத் திறந்தேன். என் வரிக்கு ஏழு பேர் கைதட்டியிருந்தார்கள். அண்ணன் மட்டும் இன்னும் பார்க்கவில்லை. அவரும் ஓய்வுநாள் காப்பவர்.

"அவரு பாக்கல இல்ல? அழிச்சிட்டுப் படு. இன்னாத்துக்கு இப்டி நடந்துகினு இருக்க?" என்றார் என் கணவர்.

"கை தட்டுன ஏழு பேரு பாத்துட்டாங்களேபா."

அழிக்கவில்லை. அதன் கீழேயே, "நான் சொன்னது தப்பு. மன்னிச்சிடுங்கண்ணே" என்று எழுதினேன். அதற்கு ஒருவரும் கைதட்டவில்லை.

மணி பத்தேகால். அண்ணன் இன்னும் திறக்கவில்லை. திறந்தால், மேலே இருப்பதைத்தான் முதலில் படிப்பார்.