அந்தோணியார் கிடாவும் காட்பாடி வண்டியும்

சேசு மரி சூசை நம்மைக் காக்க.
14-7-1941

அன்புள்ள சவுரியம்மாளுக்கு, தங்கச் சுரங்கத்து லைன் வீட்டிலிருந்து இருதயராஜ் எழுதுவது. நான் சுகம். அத்தைக்கு என் தோத்திரம் சொல். அவர்கள் முழங்கால் வலி தேவலையா?

செவ்வாய்க்கிழமை எங்களை மேலே ஏற்றும் கூண்டு பாதியில் நின்றுவிட்டது. நாலு மணி நேரம் இருட்டில் ஆளுக்கொரு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம். ஒரே சிரிப்புதான், நீ கவலைப்படாதே.

ஊருக்கு வர லீவு கேட்டேன். "போனா அப்பிடியே போயிடு, திரும்பி வந்தா எடம் கெடையாது" என்கிறார் மேஸ்திரி. அதனால் நீங்களே இங்கே வந்துவிடுங்கள். திண்டிவனத்தில் ரயில் ஏறி, விழுப்புரத்தில் வண்டி மாறினால் காட்பாடி. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வா, நான் அங்கே வந்து நிற்பேன்; அங்கிருந்து வேறு வண்டியில் சுரங்கத்துக்கு வந்துவிடலாம்.

கிடாவை விட்டு வர மாட்டேன் என்று நம் மகள் பிலோமி அழுகிறாளாமே! ரயிலில் அதற்கும் பணம் கட்ட நமக்குக் கட்டுப்படியாகாது. திண்டிவனம் சந்தையிலிருந்து இவ்வளவு தூரம் ஆடு ஓட்டி வந்து விற்கும் காதர் பாட்சாவிடம் சொன்னேன். "அந்தோணியாருக்கு நேந்துவுட்ட கெடா மேல கத்தி வைப்பனா அண்ணே? மந்தையோட பத்திரமா ஓட்டிக்கினு வர்றேன்" என்றார். காதில் சிவப்புத் துணி கட்டி அவரிடம் ஒப்படைத்துவிடு.

வறுத்த மல்லாட்டை ஒரு படி கொண்டு வா. கடலையை உரித்துக்கொண்டிருந்தால் எனக்குப் பொழுது போகும்.

சங்கு ஊதிவிட்டது. கிடாவை வெட்டிவிடுவார்களோ என்று பிலோமி கேட்டால், பயப்படாதே என்று சொல். நான் ஊர் திரும்பும் அன்றுதானே அதைக் கோயிலில் வெட்டுவதாக நேர்ந்திருக்கிறாய்? அதற்கு ஆயுசு கெட்டி.

இருதயராஜ்