முள் மகரந்தம்

கல்முனை,
03.11.2024

மச்சான் றிம்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம் விசாரிக்க மனமில்லை. குரல் பதிவு அனுப்பிவிட்டுப் பிறகு அழித்துவிடும் பழக்கம் உங்களுக்கு இருப்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வுகூடத்துக்கு நீங்கள் விற்பனைச் சான்றுக்காக அனுப்பிய ஆவரசம்பூத் தூளை நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். ஆவரசின் மகரந்தம் நீளவாட்டில், வழுவழுப்பாக இருக்கும். உங்கள் தூளில் கிடப்பது உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கிறது. அது செவ்வந்தி. பாதிக்கு மேல் அதுதான். இதற்குத் 'தூய ஆவரசு' என்று நான் கையெழுத்துப் போடவேண்டுமாம்! உம்மா வேறு, "மருமகன்ட பூ, சீனிய இறக்கும்" என்று மாத்திரையை ஒதுக்கிவிட்டு இதைத்தான் குடிக்கிறார்.

நப்லா

பாலமுனை,
09.11.2024

நப்லா மச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். குழாய்க்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்கிறவளுக்கு உலகமே முள்ளாகத்தான் தெரியும். மஞ்சள் பூ மஞ்சள் பூதான். குடிக்கிறவன் முள்ளைப் பார்த்தா குடிக்கிறான்? பக்கத்து வளவுச் செவ்வந்தி காற்றில் பறந்து விழுந்திருக்கும்.

நம் நிச்சயத்துக்கு மேடை முழுக்கச் செவ்வந்தி மாலை தொங்கவிட்டு, மேலே வெள்ளி மினுக்கத் தூள் தூவினேனே, ஊரே வாயைப் பிளந்ததே, அந்த நன்றியாவது வேண்டாமா? புருஷனாகப் போகிறவனுக்கு ஒரு கையெழுத்துப் போட உனக்குக் கை வலிக்கிறதா? புதுப் பொதி அனுப்பியிருக்கிறேன், சுத்தமான சாமான். கலியாணத்துக்குப் பிறகு அந்த வேலையை விட்டுவிடு. உன் வீட்டு முன்னறையில் வைத்த பூச் சாக்குகள் நனையாமல் பார்த்துக்கொள்.

உன்
றிம்சான்

கல்முனை,
16.11.2024

றிம்சான் அவர்களுக்கு,

புதுப் பொதியையும் பார்த்தேன். அதே முள். நடுவே, எந்தப் பூவிலும் முளைக்காத ஒன்று: அறுகோணத் துண்டுகளாக வெள்ளி மினுக்கம். மேடையிலிருந்து இறக்கிய மாலைகளைக் குப்பையில் போட உங்களுக்கு மனம் வரவில்லை. நம் நிச்சயத்தைக் காயவைத்து, அரைத்து, பொதி கட்டி, என்னிடமே பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். களவைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாத ஆளோடு நான் எப்படிக் குடும்பம் நடத்துவது?

உம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். குனிந்து பார்த்தவர், "இது நம்மட மேடையில மினுங்கினதுதானேடி?" என்றார். வீட்டுக்கு வந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "மோதிரத்தக் கழட்டு" என்றார்.

மோதிரம் இந்த உறைக்குள் இருக்கிறது. நீங்கள் கேட்ட கையெழுத்தையும் போட்டுவிட்டேன், 'கலப்படம்' என்ற சொல்லுக்குக் கீழே. சாக்குகளை நேற்றே வாசலில் எடுத்து வைத்தாயிற்று. இங்கே முந்தாநாளிலிருந்து மழை விடவில்லை.

மீ. நப்லா