நின்றுபோகாத அம்மா

ஜெர்மனி
15 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

சூர்யகலா எழுதுகிறேன். இங்கே நான் நலம். நீங்களும் நம் பூவிழியும் ரேகா அண்ணியும் நலம்தானே?

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. மின்னஞ்சலில் வருகிறதே என்று சிரிக்காதீர்கள். போனில் பேசினால் பாதி கட்டாகிவிடுகிறது, மீதி சண்டையாகிவிடுகிறது.

வந்து இறங்கிய அன்று ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் சிம் வாங்கினேன் அல்லவா, அது வெறும் சிம் இல்லையாம். இரண்டு வருஷ ஒப்பந்தமாம். கடைக்காரர் சிரித்தார், நானும் சிரித்தேன், அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இங்கே மாதம் முழுவதற்கும் தரும் நெட்டை நம் ஊரில் இரண்டே நாளில் தீர்த்துவிடுவோம். அது தீர்ந்தால் படம் அசையாது. அறைக்கு வைஃபை வர இன்னும் இரண்டு மாதம் ஆகுமாம்.

கல்லூரியில் வைஃபை பறக்கிறது. ஆனால் நான் ஆய்வகத்தை விட்டு வெளியே வரும்போது அங்கே பூவிழி தூங்கியிருப்பாள். எங்கள் இருவருக்கும் நேரம் ஒழிவது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அன்றைக்குக் கல்லூரியைப் பூட்டிவிடுகிறார்கள்.

முந்தின ஞாயிறு அவள் வடையைக் கடித்தபடி ஏதோ சொல்ல வந்தாள். வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. பத்து நிமிஷம் அந்த வடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு கூப்பிட்டால் "தூங்குறா" என்றீர்கள். பகல் பதினொரு மணிக்கு நம் பெண் என்றைக்குத் தூங்கினாள்?

உங்கள்
சூர்யகலா


மரக்காணம்
18 ஏப்ரல் 2025

அன்புள்ள கலாவுக்கு,

உன் கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியவள் ஒரு தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள் என்று சொன்னால் இங்கே யாரும் நம்பவில்லை. பஸ் ஸ்டாண்டு எதிரில் மொபைல் கடை வைத்திருக்கும் சகாயராஜ் மட்டும் நம்பினான்.

"அண்ணிய ஏம்பா கிண்டல் பண்ற? வெளிநாடு போறவங்க எல்லாரும் மொத நாள் இப்படித்தான் மாட்டிக்கிறாங்க. அங்க சூப்பர் மார்க்கெட்ல ப்ரீபெய்டு சிம் தொங்கும், அத வாங்கச் சொல்லு. நம்ம ஊரு மாதிரி ரீசார்ஜ் பண்ணிக்கலாம், வேணாம்னா விட்டுடலாம்" என்றான்.

உப்பளத்தில் வெயில் கொளுத்துகிறது. நீ இருந்தால் கறுத்துப்போகிறேன் என்று புலம்பியிருப்பாய். பாத்தி நிறைய உப்பு பூத்திருக்கிறது, எனக்குச் சந்தோஷம். பள்ளிக்கூடம் விட்ட நேரமெல்லாம் பூவிழி என்னோடுதான் இருக்கிறாள். அன்றைக்கு ஆடி ஓய்ந்துபோய் உண்மையாகவே தூங்கிவிட்டாள். கவலைப்படாமல் படி.

விஜயகுமார்


ஜெர்மனி
28 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

சகாயராஜ் சொன்னது உண்மைதான். சாக்லேட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே சிம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒப்பந்தச் சிம்மில் மூன்றில் ஒரு பங்கு விலை, இரண்டு பங்கு நெட்.

வாங்கியாகிவிட்டது. ஆனால் உயிர் வரவில்லை. அதற்கு உயிர் வர, நான் வீடியோவில் ஓர் அதிகாரியிடம் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். அந்த வீடியோவுக்கு நல்ல நெட் வேண்டும். நெட் வாங்க நெட் வேண்டும் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? கல்லூரி மாடிப்படியில் நின்று அந்த அதிகாரியைப் பிடித்தேன். பாஸ்போர்ட்டை இப்படிச் சாய், அப்படிச் சாய் என்றார். எல்லாம் முடிந்த பிறகு, "குடும்பப் பெயர் எங்கே?" என்றார். எனக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலி. படிவத்திலோ காலியாக விட முடியாது. உங்கள் பெயரை எழுதியிருந்தேன், பாஸ்போர்ட்டில் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அடுத்த முறை அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தேன். புள்ளியையும் தள்ளிவிட்டார்கள்.

இதெல்லாம் கிடக்கட்டும். நேற்றுப் பழைய சிம்மில் வெறும் குரலில் பேசினோமே, அப்போது பின்னால் கேட்டது. "வேணாம் அத்த, நான் வரல!" என்று பூவிழி கத்தினாள். ஏதோ கதவு சாத்தும் சத்தமும் கேட்டது. நீங்கள் "கடைக்குப் போயிருக்கா" என்றீர்கள்.

மாமா, என்ன நடக்கிறது அங்கே? உண்மையைச் சொல்லுங்கள்.

சூர்யகலா


மரக்காணம்
30 ஏப்ரல் 2025

அன்புள்ள கலாவுக்கு,

உன்னிடம் பொய் சொன்னேன். மூன்று ஞாயிறாகச் சொல்கிறேன்.

அந்த வடை நாளன்று உன் படமும் இங்கே நின்றுவிட்டது. நீ சிரித்தபடி அசையாமல் இருந்தாய். பூவிழி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சுவரில் மாலை போட்டிருக்கும் அப்பாவின் படத்தைப் பார்த்தாள். "அம்மாவும் தாத்தா மாதிரி போட்டோ ஆயிட்டாங்களா?" என்று கேட்டாள்.

உடனே இல்லை என்று நான் சொல்லாமல் விட்டதுதான் தப்பாகிவிட்டது. அன்றிலிருந்து போன் அடித்தால் ரேகா அக்காவின் அறைக்குள் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். நெட் கோளாறு என்று சொல்லிப் பார்த்தேன். ஐந்து வயசுக்கு அது புரியவில்லை.

உன்னிடம் சொன்னால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாய் என்று மறைத்தேன். திட்டு. திட்டிவிட்டுப் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

விஜயகுமார்


ஜெர்மனி
2 மே 2025

மாமா,

திட்ட மாட்டேன். படித்துவிட்டு நூலகக் கழிவறையில் போய் அழுதேன். வெளியே வந்து சென்னைக்கு டிக்கெட் பார்த்தேன். இன்னும் போடவில்லை. நீங்கள் "வா" என்று ஒரு வார்த்தை எழுதினால் போட்டுவிடுவேன்.

அதுவரைக்கும் ஒன்று செய்கிறேன். தினமும் கல்லூரி வைஃபையில் என்னை வீடியோ எடுத்து அனுப்புகிறேன். பஸ் பிடிக்க ஓடுவது, துணி மடிப்பது, வெங்காயம் வதக்கிய புகைக்கே கூரையில் இருக்கும் புகை மணி அடித்தது, எல்லாம் இருக்கும். எல்லாவற்றிலும் அசைந்துகொண்டே இருப்பேன். காட்டுங்கள்.

சூர்யகலா


மரக்காணம்
9 மே 2025

அன்புள்ள கலாவுக்கு,

வீடியோக்கள் எல்லாம் வந்தன. முதல் நாள் கதவிடுக்கில் நின்று பார்த்தாள். புகை மணி அடித்து நீ துணியை வீசிக்கொண்டு குதித்தாயே, அதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். ஆறு முறை போடச் சொன்னாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏழாவது முறை போன் திரையில் நீ அணிந்திருந்த பச்சைச் சட்டையைத் தொட்டுக்கொண்டே, "இது நேத்து அம்மா. எனக்கு இப்ப அம்மா வேணும்" என்றாள்.

உயிரோடுதான் இருக்கிறாய் என்று நம்பிவிட்டாள். இனி போனில் உன்னை நேரலையில் காட்டினால் ஓட மாட்டாள்.

டிக்கெட் போடாதே. நீ வந்தால் நாங்கள் எல்லோரும் ஒரு வாரம் சந்தோஷமாக இருப்போம். அதற்கப்புறம் படிப்பை விட்டுவந்த உன் முகத்தை நான் தினமும் பார்க்க வேண்டும். அது என்னால் முடியாது. உப்புத் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் படிப்பு என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். பூவிழியை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அந்த சிம்மைப் பார்.

சகாயராஜிடம் பெயர் விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து ஊர் பிரம்மதேசத்துப் பையன் ஒருவன் இதே சிக்கலில் மாட்டினானாம். "ரெண்டு இடத்துலயும் அதே பேர போடச் சொல்லு மச்சி. நான் அவனுக்குச் சொன்னேன், ஆயிடுச்சு" என்கிறான். முயற்சி செய்து பார்.

விஜயகுமார்


ஜெர்மனி
19 மே 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று நடந்தது உங்களுக்கும் தெரியும். ஆனால் இந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாதே, அதற்காக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை வீடியோவில் வந்த அம்மாள், "முதல் பெயர்?" என்றார். சூர்யகலா. "குடும்பப் பெயர்?" சூர்யகலா. கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "இரண்டும் நான்தான்" என்றேன். சிரித்துவிட்டு ஒப்புதல் தந்தார், சிம்முக்கு உயிர் வந்துவிட்டது. இந்த நாட்டுக் கணக்கில் நான் இப்போது இரண்டு பேர். சகாயராஜுக்கு ஒரு பெரிய நன்றி சொல்லுங்கள். அந்த ஒப்பந்தத்துக்கும் மாணவர் ஆலோசனை மையத்தில் ஒரு கடிதம் எழுதித் தந்தார்கள். இரண்டு வருஷம் ஒரு வருஷமாகக் குறைந்திருக்கிறது. இனிமேல் தாளைப் படிக்காமல் பேனாவைத் தொட மாட்டேன்.

நேற்று நீங்கள் உப்பளத்திலிருந்து கூப்பிட்டபோது முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். பூவிழி திரைக்குப் பக்கத்தில் வந்து, "அம்மா, கைய ஆட்டு" என்றாள். ஆட்டினேன். "மூக்க தொடு." தொட்டேன். "ஒத்தக் கால்ல நில்லு." நின்றேன். எல்லாம் சரியாக இருந்தது போல. போனை உப்பு மூட்டையில் சாய்த்து வைத்துவிட்டு ஓடிப்போனாள்.

என்னென்னவோ பேச நினைத்து வைத்திருந்தேன். ஒன்றுக்கும் இடம் தரவில்லை. உங்கள் கால்கள் போயின, வந்தன. தூரத்தில் லாரியில் ஏற்றும் சத்தம் கேட்டது. நான் உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம் அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படம் ஒரு தடவையும் நிற்கவில்லை.

அப்புறம் மூச்சு வாங்க ஓடி வந்தாள். நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். உங்களைக் கேட்காமல் என்னைக் கேட்டாள்.

"அம்மா, என் தண்ணி பாட்டில் எங்க?"

"உனக்குப் பின்னாடிதான்டி கிடக்குது, செருப்பு பக்கத்துல" என்றேன்.

எடுத்துக் குடித்துவிட்டு மறுபடி ஓடிவிட்டாள். நான் பக்கத்து அறையில் இருப்பது போல. உங்களுக்குத் தெரியுமா, அதற்கப்புறம் எனக்கு உருளைக்கிழங்கு கண்ணுக்கே தெரியவில்லை.

ஒரு விஷயம். தொப்பி இல்லாமல் அவளை வெயிலில் விட்டிருந்தீர்கள். அடுத்த ஞாயிறும் அப்படி விடாதீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

நிறைய அன்புடன்,
உங்கள் சூர்யகலா சூர்யகலா