‘தெரியல’ என்ற ஐந்தாவது பதில்

இன்று காலை வார்டு வராந்தாவில் நம் துறையில் மேற்படிப்பு படிக்கும் ஒரு பிஜி மாணவனின் போனிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தது. நீ ஆரம்பித்த ஆன்லைன் வினாடி வினாதான். இப்போது அதற்குக் கடிகாரம் கட்டிவிட்டார்கள். முகப்பில் உன் படம், கீழே ‘நினைவுப் போட்டி’ என்று தங்க எழுத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ என்றைக்கடி போட்டி வைத்தாய்?

கொரோனா நாட்களில் வகுப்புகள் திரைக்குள் போனபோது, துறைத் தலைவர் மணிக்கணக்கில் பேசுவார். பிஜிக்கள் கேமராவை அணைத்துவிடுவார்கள். யார் வீட்டுக் குக்கரோ விசில் அடிக்கும். பாடம் எடுத்தவர்களில் நீதான் புத்தூர் வீட்டிலிருந்து தினமும் சாயங்காலம் குரூப்பில் ஒரு நோயாளியின் கதையைப் போட்டு, கீழே நான்கு பதில்கள் வைத்தாய். ஐந்தாவதாக ‘தெரியல’.

அதை ஒருவரும் தொடவில்லை. யார் எதை அழுத்தினார்கள் என்று எல்லோருக்கும் பெயரோடு தெரியுமே! அடுத்த நாள் நீயே முதல் ஆளாக ‘தெரியல’யை அழுத்தினாய். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து போன் போட்டுக் கேலி செய்தேன்.

“ஏண்டி, கேள்வி போட்டவளே தெரியலன்னா மானம் போயிடாது?”

“எனக்குத் தெரிஞ்சதையே கேட்டா அது பரீட்சைடி. தெரியாததையும் கேட்டாத்தான் கிளாஸ்.”

மெல்ல மெல்ல உன் பெயருக்குக் கீழே மற்றப் பெயர்களும் வந்தன. வகுப்பில் வாயே திறக்காதவர்கள் படித்துவிட்டு வந்து சண்டை போட்டார்கள். வெளியூர் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் சிக்னல் கிடைக்கும்போது பதில் போடுவார்கள். அதுவரை நீ விடையைச் சொல்லமாட்டாய்.

நீ கண் மூடிய பிறகு எல்லாம் அப்படியே கிடந்தது. உன் நினைவாக என்று சொல்லித் துறைத் தலைவர் அதை மறுபடி எடுத்தார். கடிகாரம் வந்தது, ரேங்க் பட்டியல் வந்தது, இன்டர்னல் மார்க் வந்தது. ஐந்தாவது பதில் மட்டும் காணாமல் போனது. கூட்டத்தில் கேட்டேன்.

“ஒரு டாக்டர் தெரியலன்னு சொல்லலாமா மேடம்? பார்க்க நல்லாவா இருக்கு?” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். உன்னோடு உட்கார்ந்து டீ குடித்தவர்களும் சிரித்தார்கள். அன்றைக்கு வீடு திரும்பும்போது காவிரிப் பாலம் தாண்டியும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

போன வாரம் மருங்காபுரிப் பக்கம் ஆஸ்பத்திரியில் போஸ்டிங்கில் இருக்கும் பிஜி பெண் ஒருத்தி போன் செய்தாள்.

“மேடம், இங்க நெட் சுத்திக்கிட்டே இருக்கு. கேள்வி திறக்கறதுக்குள்ள டைம் முடிஞ்சிடுது. லிஸ்ட்ல கடைசில என் பேரு. நேத்து படிக்காமலே எதையோ அழுத்தினேன், சரியாயிடுச்சு.”

“நல்லதுதானேம்மா?”

“ஏன் சரின்னு தெரியல மேடம். கேட்கவும் பயமா இருக்கு. நாளைக்கு அதே மாதிரி ஒரு பேஷண்ட் வந்தா என்ன செய்வேன்?”

இதற்குத்தானா உன் படம்? குருட்டாம்போக்கில் அழுத்தியவளுக்கு மார்க், கேட்க நினைத்தவளுக்குப் பயம். இன்று காலை அந்த டிக் டிக் கேட்டதும் நேராகத் துறைத் தலைவர் அறைக்குப் போனேன். “அந்த ஐந்தாவது பதிலைத் திரும்பப் போடுங்க சார். இல்லன்னா அவ படத்தை எடுத்துடுங்க” என்றேன்.

இன்று மத்தியானம் படத்தை எடுத்துவிட்டார்கள். அவ்வளவு சுலபமாக முடிந்தது அவர்களுக்கு.

சாயங்காலம் நம் பழைய குரூப்பைத் திறந்தேன். இப்போதைய பிஜிக்களைச் சேர்த்து, அந்தப் பெண் பயந்த கேள்வியையே போட்டேன். கடிகாரம் இல்லை, மார்க் இல்லை. ஐந்தாவதாக ‘தெரியல’. நிறையப் பேர் பார்த்தார்கள், ஒருவரும் தொடவில்லை. அந்தக் கேள்வியில் ஓர் இடம் எனக்கும் உண்மையிலேயே புரியவில்லை. முதல் ஆளாக ‘தெரியல’யை அழுத்தினேன்.

என் பெயர் மட்டும் தனியாக நின்றது. அங்கே ஒற்றையாக நிற்பது இவ்வளவு கூசும் என்று உன்னைக் கேலி செய்தபோது எனக்குத் தெரியாது. நீ தினமும் அங்கே போய் நின்றவள். இனி நான் நிற்கிறேன்.

இருட்டத் தொடங்கியபோது மருங்காபுரியில் சிக்னல் கிடைத்திருக்க வேண்டும். என் பெயருக்குக் கீழே அவள் பெயர் வந்தது.