மாடிக்குப் பதினெட்டுப் படி

மார்ச் 3, செவ்வாய்

தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்காரர்களை ஒருவழியாகச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், தையல்காரி நிற்கிறாள். எங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கே சீருடை தைப்பவள். அழுத முகம். அண்ணனை மூன்று நாளாகக் காணோமாம். அவருக்குப் பேச்சு வராது, காது கேட்காது, எழுதவும் தெரியாது. கடையில் பொத்தான் வேலை முழுக்க அவர் கைதான்.

"பஸ் மாறி ஏறிட்டாரோ என்னவோ மேடம். யார்கிட்ட என்னன்னு சொல்வாரு?"

"கவலைப்படாதம்மா. நான் எழுதுற தாள் மாவட்டத்துக்குப் போகும், அங்கேர்ந்து தலைமையகத்துக்கு. அப்புறம் நாட்டுல இருக்கிற அத்தனை ஸ்டேஷனுக்கும் வரும்."

"அவ்வளவு பேரா தேடுவாங்க? அப்போ கிடைச்சிருவாரு," என்றாள்.

ஸ்டேஷன் ரைட்டர் வேலைக்கு வாயடக்கம் வேண்டும். எனக்கு எங்கே இருக்கிறது?

மார்ச் 4

போட்டோவோடு அனுப்பியாயிற்று.

மார்ச் 6, வெள்ளி

ஒரு தகவலும் இல்லை. தையல்காரி மூன்றாவது தடவை வந்தாள். "சும்மா சும்மா வந்து நின்னா நான் என்னம்மா பண்றது?" என்று எரிந்து விழுந்துவிட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். சே, என்ன பிறவி நான்!

மார்ச் 7, சனி

இன்றைக்குத் தூக்கம் வராது. சந்தோஷத்தில்தான்.

மாடியில் நெடுஞ்சாலைப் பிரிவு இருக்கிறது. அவர்களுக்கு வேறு அதிகாரி, வேறு கடிதப் போக்குவரத்து. எங்கள் பேப்பரும் அவர்கள் பேப்பரும் தலைமையகத்தில்தான் சந்திக்கும். அவர்களுடைய கான்ஸ்டபிள் ஒருவன், விசில் என்று கூப்பிடுவோம், தினமும் ஸ்டேப்ளர் கடன் கேட்டு இறங்கி வருவான். இன்றும் வந்தான். குனிந்தபோது பார்த்தேன். அவன் போட்டிருந்தது கடையில் வாங்கிய ரெடிமேட் சட்டை. ஆறு பொத்தானில் குறுக்குத் தையல். ஒன்றில் மட்டும் நூல் சதுரமாக ஓடி, பொத்தானுக்கு அடியில் மூன்று சுற்று. என் சட்டையிலும் அதே தையல்தான்!

"ஏம்ப்பா, இந்தப் பொத்தான் யார் தைச்சது?"

"காப்பகத்துல ஒரு ஆளுக்கா. போன வாரம் ஹைவேயில தனியா நின்னாரு, நாங்கதான் கொண்டுபோய் விட்டோம். தினமும் ஊரு பேரு கேக்கப் போறேன். பேச்சு வரல. என் சட்டையப் பாத்துட்டு, ஊசி நூல் குடுன்னு கையக் காட்டினாரு."

ஐயோ! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நாடெல்லாம் நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

"மேலேயே மீட்டவங்க பட்டியல் வச்சிருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க ஒரு நாளும் மாடி ஏறிக் கேக்கலையேக்கா."

உண்மைதான். முட்டி வலி என்று ஒன்பது வருஷமாக ஏறியதே இல்லை. வலி பாதி, வீம்பு பாதி.

ஜீப்பில் தையல்காரியை அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். அண்ணனைப் பார்த்ததும் அவர் நெஞ்சில் குத்திக் குத்தி அழுதாள். அவர் சிரித்துக்கொண்டே அவள் கண்ணைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார், என் சட்டைக் கைப்பட்டையில் தொங்கிய பொத்தானைப் பார்த்தார், ஊசிக்குக் கை நீட்டினார். நானும் அழுதேன். சீருடையில் இருந்தேன், இருந்தால் என்ன?

மார்ச் 12, வியாழன்

தலைமையகத்திலிருந்து பதில். "தாங்கள் தேடும் நபரின் விவரம், தங்கள் கட்டடத்தின் மாடியில் இயங்கும் பிரிவின் பட்டியலில் உள்ளது. நேரில் விசாரிக்கவும்."

இன்ஸ்பெக்டர் ஐயா சத்தமாக வாசித்துக் காட்டினார். லாக்கப்பில் இருந்தவன் கூடச் சிரித்தான்.

மார்ச் 19, வியாழன்

ஐயா உத்தரவு போட்டு நாலு நாளாகிறது. தினமும் காலை பத்து மணிக்கு, காணாமல் போனவர்களின் பட்டியலோடு நான் மாடிக்குப் போகவேண்டும். இன்று பதினாறாவது படியில் மூச்சு வாங்கி நின்றேன். விசில் தன் பிரிவின் பட்டியலோடு எதிரே இறங்கி வந்தான். இப்போது அவன் சட்டையில் ஏழு பொத்தானும் சதுரத் தையல். அங்கேயே நின்று இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம்.

காணாமல் போன ஒரு பெரியவரின் பெயர் பொருந்தியது. அந்தப் பெரியவரின் மகளுக்கு நான்தான் போன் போட்டேன்.