தீவனக் கம்பெனியும் மூன்று வெள்ளைப் பூவும்

அன்புள்ள அத்தை,

காலையில் பெய்த மழையில், எங்கள் கல்லூரி விடுதிச் சமையலறைக்கு வெளியே கிடந்த முட்டை அட்டைகள் நனைந்துவிட்டன. நனைந்த அட்டைக்கு ஒரு வாசம் உண்டு. கொஞ்சம் காகிதம், கொஞ்சம் தவிடு, மிச்சமெல்லாம் கோழி. சமையல்கார அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் அங்கேயே நின்று நன்றாக இழுத்து மூச்சு விட்டேன். தோழிகள் பார்த்த பார்வையில் எனக்குக் கோழிக்கொண்டை முளைத்திருக்க வேண்டும். முளைக்கட்டும். பரமத்தி சாலையில் இருந்த உங்கள் கோழிப்பண்ணையே அந்த வாசத்தில் எழுந்து வந்து நின்றது. நடுவில் நீங்கள், நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு.

நீங்கள் அந்தப் பண்ணையை விற்றபோது நான் பதினொன்றாம் வகுப்பு. மாமா போன பிறகு தனி ஆளாக நடத்தியது. முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததால் விற்றீர்கள். பணம் கைக்கு வந்ததும் அப்பா ஓடி வந்தார்.

"அக்கா, பேசாம எங்கூட்டுக்கு வந்துருங்க. பணத்தப் பேங்குல போட்டுட்டு நிம்மதியா இருங்க."

அன்பாகத்தான் சொன்னார். நீங்கள் காபியை ஆற்றோ ஆற்று என்று ஆற்றினீர்கள். அவர் வண்டி கிளம்பியதும் என் பக்கம் திரும்பினீர்கள்.

"போனா நல்லாத்தான் சோறு போடுவான் சாமி. ஆனா ஒரு சீலை எடுக்கோணும்னாலும் அவங்கிட்டக் கேக்கோணும். எனக்குக் கேக்காம இருக்கோணும். அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதா'னுக்காகத்தான் நீங்கள் பங்குச் சந்தைப் பக்கம் எட்டிப் பார்த்தீர்கள். அப்பாவுக்கு அது குடும்ப மானத்துக்குப் பங்கம் செய்யும் சந்தை.

முதலில் டவுனிலிருந்து ஒரு தம்பி மியூச்சுவல் பண்டு விற்க வந்தாரே, நினைவிருக்கிறதா? டை கட்டியிருந்தார், பாவம், சித்திரை வெயிலில். "எல்லா முட்டையையும் ஒரே கூடையில வைக்கக் கூடாதுங்கம்மா" என்று ஆரம்பித்தார். நாமக்கல்லில் வந்து, அதுவும் உங்களிடம்!

"ஏனுங்க தம்பி, முட்டைய யாருங்க கூடைல வெக்கறாங்க? அட்டைல அடுக்கி லாரில ஏத்துவோம். அத்தனையும் ஒரே லாரிதானுங்க. கேரளா வரைக்கும் போகுது."

அவர் தண்ணீர் கேட்டார். நான் எடுத்துவரும் சாக்கில் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

உங்கள் மனதில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வருடக்கணக்காக நீங்கள் கோழித்தீவனம் வாங்கிய அந்தக் கம்பெனி. பணம் மொத்தத்தையும் அதன் பங்கிலேயே போடுவது என்று முடிவு.

"அந்த மூட்டை தெரியும், லாரி டிரைவர் தெரியும், மேனேஜர் மக கல்யாணத்துக்கு மொய் வெச்சிருக்கறேன். பண்டுக்காரன் எம் பணத்த எந்தெந்தக் கம்பெனில கொண்டுபோய்ப் போடறான்னு எனக்கென்னடி தெரியும்?"

"கோழிய வித்துட்டுக் கோழித்தீவனத்துல போட்டா, பண்ணைய வித்ததுக்கு என்னங்கத்தை அர்த்தம்? கோழிக்குச் சளி புடிச்சா கம்பெனிக்கும் காய்ச்சல் வருமில்லீங்க?"

"வாயி, வாயி! இந்த வாய ஏலத்துல உட்டா எம் பண்ணைய விட அதிக வெலைக்குப் போகும்."

நான் விடவில்லை. "சரிங்க, உங்க மூணு செட்லயும் ஏனுங்க ஒரே வயசுக் கோழி வளக்கல?"

உங்கள் பண்ணையில் மூன்று கொட்டகைகள். ஒரு கொட்டகையில் குஞ்சு, ஒன்றில் முட்டையிடும் கோழி, ஒன்றில் கழிக்கப்போகும் கிழடு. என்றைக்கும் முட்டை மொத்தமாக நின்றுவிடக் கூடாது என்பதற்காக நீங்கள் செய்துவந்த ஏற்பாடு அது.

"அது கோழிடி" என்றீர்கள். சுதி இறங்கியிருந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டால் நீங்கள் நீங்களா? "அம்மனக் கேப்போம்" என்று எழுந்துவிட்டீர்கள்.

நம் ஊரில் கிணறு வெட்டவும் பூ கேட்போம், பெண் எடுக்கவும் பூ கேட்போம். பண்டா, பங்கா என்று மாரியம்மனைக் கேட்ட முதல் ஆள் நீங்களாகத்தான் இருக்கும். வெள்ளைப் பூ வந்தால் பண்டு, சிவப்பு வந்தால் தீவனக் கம்பெனி. பொட்டலத்துக்கு ஒரு நிறமாக இலையில் மடிக்கும் வேலையை, உலகத்திலேயே அதற்குத் தகுதியில்லாத என்னிடம் கொடுத்தீர்கள். நான் இரண்டு பொட்டலத்திலும் இரண்டு நிறத்தையும் வைத்தேன். கையில் அகப்பட்டபடி ஒவ்வொன்றிலும் மூன்று வெள்ளை, ஒரு சிவப்பு.

அம்மன் காலடியில் வைத்த இரண்டில் ஒன்றைப் பக்கத்து வீட்டுக் குட்டிப் பெண் எடுத்தாள். பூசாரி பிரித்துப் பார்த்து விழித்தார். "இதென்னங்க, ரெண்டும் வருது!"

நீங்கள் அம்மனைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். நான் மிகுந்த பக்தியோடு கோயில் மணியைப் பார்த்தேன்.

"அம்மன் தெளிவாத்தானுங்க சொல்லிருக்கறா" என்றீர்கள். "மூணு பங்கு வெள்ளை, ஒரு பங்கு சிகப்பு."

வரும் வழியில் என் காது உங்கள் கையில் இருந்தது. "இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சுப் பாத்தேன்டி, கழுதை."

"அப்புறம் ஏனுங்க ஒத்துக்கிட்டீங்க?"

"நீ மூணு செட்டுன்னு கேட்டப்பவே ஒறைச்சிருச்சு. உங்கிட்டத் தோத்தேன்னு சொல்றதுக்கு அம்மங்கிட்டத் தோத்தேன்னு சொன்னா ஒரு கவுரவம்."

அப்புறம் மக்காச்சோளம் விலை ஏறியது, தீவனக் கம்பெனிப் பங்கு பாதியாகச் சரிந்தது. பண்டும் ஒன்றும் உத்தமன் இல்லை, அதுவும் ஆடியது. ஆனால் விழுந்து கிடக்கவில்லை. மாதாமாதம் அதிலிருந்து நீங்கள் எடுத்த பணத்தில் கரண்ட் பில், மாத்திரை, எனக்குப் பரோட்டா. சந்தை சரிந்த மறுநாள் எனக்கு போன் வரும். "அம்மிணி, உம்பட மார்க்கெட்டுக்கு நேத்துப் பேதியாமே? மோர் குடிக்கச் சொல்லு." இந்தப் பக்கம் நான் பாடப் புத்தகத்தால் வாயைப் பொத்திக்கொள்வேன்.

போன வருடம் ஆஸ்பத்திரியில் அப்பா பர்ஸை எடுத்தபோது, நீங்கள் படுத்தபடியே கையை ஆட்டினீர்கள். "உள்ள வைடா. கட்டியாச்சு." அந்த முகத்தில் இருந்த குஷியை நான் யாரிடமும் பார்த்ததில்லை. நாலாம் நாள் போய்விட்டீர்கள். யாரிடமும் ஒரு ரூபாய் கேட்காமல்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னை மாட்டுக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"அம்மிணி, அக்கா போட்ட பண்டு இருக்குதில்ல, அதுல எப்படிச் சேர்றது?"

"எதுக்குங்கப்பா பணம்? அத மொதல்ல சொல்லுங்க."

நெளிந்தார். "ஒரு குதிரை வாங்கோணும், சின்ன வயசு ஆசை. உங்கம்மாகிட்டக் கேக்காம."

"குதிரைக்கு எத்தன வருசம் பொறுப்பீங்க?"

"ஒரு அஞ்சாறு வருசம்..."

"அப்பச் சேருங்க. நடுவுல எறங்குமுங்க. பயந்துபோய்ப் பாதில எடுத்தா கழுதைதான் கெடைக்கும்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அம்மா கரண்டியோடு வெளியே வந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அசல் உங்களுடையது அத்தை. பண்டுக்கும் பங்குக்கும் நாமினியாக என் பெயரைப் போட்ட நீங்கள், அந்தச் சிரிப்புக்கு மட்டும் யாரையும் போடவில்லை. கேட்காமல் நானே எடுத்துக்கொண்டேன்.