நாடாவா, ஊசியா

அத்தை, சாப்பாட்டை மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். சாவி எதிர்வீட்டு டெய்லரம்மாவிடம்.

இருமினால், சிரித்தால் எனக்குச் சிறுநீர் கசிகிறதே, அதற்கு இன்று ஆப்பரேஷன். டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஊசி என்றால் சுலபம், ஆனால் நாளாக நாளாகப் பலன் குறையலாம். உள்ளே சிறுநீர்க்குழாய்க்கு முட்டுக்கொடுக்கிற மாதிரி ஒரு நாடா வைத்தால் நெடுநாள் தாங்கும்; முதலில் வலி இருக்கும். பள்ளிப் பிள்ளைகளோடு மைதானத்தில் ஓடுகிற வேலை என்பதால் நாடாவுக்குக் கையெழுத்துப் போட்டேன். பயமும் இல்லை, நிம்மதியும் இல்லை. மனசு மரத்துக் கிடக்கிறது.

"புள்ள பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம், இதுக்குப் போய் ஆப்பரேஷனா?" என்றீர்கள்.

பி.கு.: நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு துணி அலசுவது எனக்குத் தெரியும். டாக்டரிடம் உங்களுக்காகவும் கேட்டேன். "கூட்டிட்டு வாங்க, அவங்களுக்கு ஊசியே போதுமா இருக்கலாம்" என்றார். அடுத்த மாதம் போவோம். உங்கள் பிள்ளையிடம் நான் மூச்சு விடவில்லை.